கடல் கடந்த சொற்கள் – 9: மணப்பாட்டிலிருந்து ஒரு திருத்தம்

1544ஆம் ஆண்டு. மணப்பாட்டிலிருந்து பிரான்சிஸ் சவேரியார் தம் துணைவர் பிரான்சிஸ்கோ மன்சீலாசுக்கு அடிக்கடி கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் அன்றாட வேலை பற்றிய சிறு கடிதங்கள். எந்த ஊருக்குப் போக வேண்டும், யாருக்குப் பணம் கொடுக்க வேண்டும், எந்தக் குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை என்கிற விவரங்கள். அவற்றில் ஒன்றில் ஒரு மொழித் திருத்தம் இருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது ‘எனக்கு வேணும்’ என்று சொல்லாதீர்கள், ‘விசுவாசம்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். ‘வேணும்’ என்றால் விருப்பம். நாம் சொல்ல வந்தது நம்பிக்கை. இன்னொரு திருத்தமும் சேர்த்தே வருகிறது. கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லுமிடத்தில் ‘வன்பினாலே’ என்ற சொல் கூடாது. அவர் வலுக்கட்டாயத்தால் அல்ல, மனமுவந்து பாடுபட்டவர்.

அந்தச் சில வரிகளை முதன்முதலாகப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். புனிதராகப் பீடத்தில் நிற்கும் சவேரியாரைச் சிறுவயது முதல் தெரியும். சுரூபத்தில் ஒரு கையில் சிலுவை, முகத்தில் அமைதி. ஆனால் இந்தக் கடிதத்தில் இருப்பவர் வேறு ஆள். மாதக்கணக்காக ஊரூராக நடந்து, தாம் மனப்பாடம் செய்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அது தவறான சொல் என்று பிறகு கண்டுபிடித்த மனிதர்.

அவர் தமிழ் தெரிந்து வந்தவர் அல்லர். 1506இல் நவார் நாட்டில் ஹாவியர் கோட்டையில் பிறந்தவர். தாய்மொழி பாஸ்க். பாரீசில் படிப்பு. அங்கே ஒரே அறையில் தங்கியிருந்த பேதுரு ஃபாவ்ரேயும் லொயோலா இஞ்ஞாசியாரும் அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டார்கள். 1534 ஆகஸ்ட் 15இல் மோன்மார்த்ர் குன்றில் ஏழு பேர் எடுத்த வாக்குறுதி, ஆறு ஆண்டுகளில் சேசு சபையாக உருவெடுத்தது. இந்தியாவுக்குப் போகவிருந்தவர் அவர்கூட இல்லை. புறப்பட வேண்டிய தோழர் பொபதீயா நோயில் விழவே, கடைசி நேரத்தில் சவேரியார் பெயர் வந்தது. 1541 ஏப்ரல் 7ஆம் தேதி, தம் முப்பத்தைந்தாவது பிறந்த நாளன்று, லிஸ்பனில் ‘சந்தியாகு’ கப்பலில் ஏறினார். மொசாம்பிக்கில் குளிர்காலம் முழுக்கத் தங்கல், நோயாளிகளுக்குப் பணிவிடை, தமக்கே காய்ச்சல். பிறகு மலிந்தி, சொகோத்ரா. 1542 மே 6இல் கோவா. பதின்மூன்று மாதப் பயணம்.

அதே ஆண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று நீண்டு கிடக்கும் பரதவர் ஊர்கள். அந்த மக்கள் அவர் வருவதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிப்பு உரிமை யார் கையில் இருப்பது என்ற பகையில் அவர்கள் உயிரும் பிழைப்பும் ஊசலாடியபோது, கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். பாதுகாப்போடு சேர்ந்து சமயமும் வந்தது. தண்ணீர் ஊற்றிய குருக்கள் போய்விட்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

சவேரியார் வந்தபோது நிலைமை என்னவென்று அவரே எழுதுகிறார். அவர்கள் மொழி ‘மலபார்’. தமிழை அப்போது ஐரோப்பியர் அப்படித்தான் அழைத்தார்கள். தம் மொழியோ பாஸ்க். அவர்களுக்கு இவர் சொல்வது புரியாது, இவருக்கு அவர்கள் சொல்வது புரியாது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்த சிலரைக் கூட்டி உட்காரவைத்து, பல நாள் பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம், அருள்நிறைந்த மந்திரம் எல்லாவற்றையும் தமிழில் பெயர்த்து எழுதிக்கொண்டார். எழுதியதை மனப்பாடம் செய்தார். கையில் ஒரு மணியோடு தெருவில் இறங்கினார். மணிச் சத்தம் கேட்டு வந்த சிறுவர்களுக்கு நாளுக்கு இரண்டு வேளை சொல்லிக்கொடுத்தார். அவர்கள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோயாளிகளிடம் போக நேரமில்லாதபோது தம் செபமாலையைச் சிறுவர்கள் கையில் கொடுத்து அனுப்பினார். உண்மையில் அந்தக் கடற்கரையின் முதல் உபதேசியார்கள் அந்தப் பிள்ளைகள்தான். அவர்களில் ஒருவருடைய பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

‘எனக்கு வேணும்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? தூத்துக்குடியில் அவரோடு உட்கார்ந்து பெயர்த்துக் கொடுத்தவர்கள் வாயிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அவர்கள் ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். இறையியல் கணக்கில் அது பிழை. சவேரியார் திருத்தியதும் சரி. ஆனால் கடலுக்குப் போனவன் திரும்பி வருவானா என்று கரையில் நிற்பவர்களுக்கு, சுறாவுக்கும் எதிரியின் கத்திக்கும் நடுவில் மூச்சை அடக்கி முத்தெடுக்கிறவர்களுக்கு, கடவுளைப் பற்றிச் சொல்ல முதலில் வரும் சொல் ‘வேணும்’ என்பதாக இருந்திருந்தால் அதில் என்ன வியப்பு? அவர்கள் திருமுழுக்குப் பெற்ற வரலாறே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

திருத்தம் ஒரு பக்கம் மட்டும் நடக்கவில்லை. அவருடைய போர்த்துகீசியக் கடிதங்களைப் பாருங்கள்: பட்டங்கட்டி, கணக்கப்பிள்ளை, தோணி, வடுகர் என்று நம் சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பட்டங்கட்டி என்பவர் பரதவர் ஊர்த் தலைவர். கணக்கப்பிள்ளை என்ற சொல்லைத் தாம் ஊருக்கு ஊர் நியமித்த உபதேசியாருக்கு வைத்துக்கொண்டார். அவர்கள் சம்பளத்துக்கு, இந்தக் கரையிலிருந்து போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்த பணத்தையே கேட்டு வாங்கியதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1544 ஜூனில் விஜயநகரப் படையைச் சேர்ந்த வடுகர் குமரிமுனைப் பக்கத்து ஊர்களைச் சூறையாடினார்கள். மக்கள் கடலுக்குள் நீண்டிருக்கும் பாறைகளில் ஏறி ஒண்டினார்கள். சோறில்லை, தண்ணீரில்லை, சிலர் அங்கேயே இறந்தார்கள். சவேரியார் மணப்பாட்டில் இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்காற்று ஒரு வாரத்துக்கும் மேலாக விடவில்லை. தோணிகளைத் திருப்பிக் கொண்டுவந்து, பட்டங்கட்டிகளுக்குச் சொல்லி ஊர் ஊராக அரிசிக்கு வழி செய்து, பிறகு கால்நடையாகப் போனார். ‘வேணும்’ என்ற சொல்லின் பொருள் அந்த நாட்களில் அவருக்கும் நன்றாகப் புரிந்திருக்கும்.

இவரைப் பற்றி எழுதும்போது மறைக்கக் கூடாதவையும் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களின் வீட்டுச் சிலைகளைச் சிறுவர்களை விட்டு உடைக்கச் சொன்னதை அவரே மகிழ்ச்சியோடு எழுதுகிறார். பிராமணர்களைப் பற்றி அவர் எழுதியவற்றைப் படிக்கும்போது கசக்கிறது. 1546இல் கோவாவுக்கு விசாரணை மன்றம் தேவை என்று போர்த்துகல் அரசருக்கு எழுதியவரும் அவர்தான். அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அந்த மன்றம் செய்த கொடுமைகளை நாடறியும். அதே பேனாதான், இந்தியாவுக்கு அதிகாரிகளாக வரும் போர்த்துகீசியர் எல்லோரும் கொள்ளை அடிப்பதை எல்லாக் காலத்திலும் எல்லா வழியிலும் கற்று வைத்திருக்கிறார்கள், நண்பர் யாரையும் இங்கே பதவிக்கு அனுப்பாதீர்கள் என்று 1545இல் லிஸ்பனுக்கு எழுதியது. இரண்டும் ஒரே மனிதர். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் துடைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

மயிலாப்பூரில் நான்கு மாதம் தங்கி, 1545இல் மலாக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே வேலை மறுபடி ஆரம்பம். மந்திரங்களை மலாய் மொழியில் பெயர்த்தார், மறுபடி மனப்பாடம். பிறகு கிராம்பு விளையும் மலுக்குத் தீவுகள்: அம்போன், தெர்னாத்தே. எரிமலையும் நிலநடுக்கமுமாக இருந்த, போனவரை நஞ்சிட்டுக் கொல்வார்கள் என்று எல்லோரும் அஞ்சிய மோரோ தீவுகளுக்கும் போனார். அவற்றுக்குக் ‘கடவுள் மீது நம்பிக்கை வைக்கும் தீவுகள்’ என்று புதுப்பெயர் வைத்தார். அம்போனிலிருந்து 1546 மே மாதம் ஐரோப்பிய நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி. அவர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து அவரவர் கையால் எழுதிய பெயரை மட்டும் வெட்டி எடுத்து, எப்போதும் தம் உடம்போடு வைத்திருக்கிறாராம். கடிதம் வந்து சேர ஆண்டுக்கணக்காகும் உலகம் அது. கேட்டுப் பேச மொழி இல்லாத இடத்தில், அந்தச் சின்னத் துண்டுக் காகிதங்கள்தான் அவருக்குத் துணை.

1547 டிசம்பரில் மலாக்காவில் ஒரு ஜப்பானியரைச் சந்தித்தார். ககோஷிமாவைச் சேர்ந்த அஞ்சிரோ. ஊரில் ஒரு கொலை செய்துவிட்டு ஓடி வந்தவர். போர்த்துகீசியம் ஓரளவு பேசுவார். உங்கள் நாட்டுக்கு வந்தால் மக்கள் கிறிஸ்தவர்களாவார்களா என்று சவேரியார் கேட்டார். உடனே ஆகமாட்டார்கள் என்றார் அஞ்சிரோ. முதலில் கேள்வி கேட்பார்கள், நீங்கள் சொல்லும் பதிலைப் பார்ப்பார்கள், சொன்னபடி வாழ்கிறீர்களா என்றும் பார்ப்பார்கள். அந்தப் பதில்தான் சவேரியாரை ஜப்பானுக்கு இழுத்தது. திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்தவர். கை ஓய்ந்து, பிரமாணத்தைச் சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிப்போனதை எழுதியவர். கேள்வி கேட்கும் மக்களைத் தேடி அவரே போனார்.

1549 ஆகஸ்ட் 15இல் ஒரு சீன மரக்கலத்தில் ககோஷிமா சேர்ந்தார்கள். கூட வந்தவர்கள் தோரெஸ், பெர்னாந்தெஸ் என்ற இரண்டு சபையினர், அஞ்சிரோவும் வேறு இரு ஜப்பானியரும், மனுவேல் என்ற சீனர், அமதோர் என்ற ஒரு ‘மலபார்’ ஊழியர். அந்த அமதோர் நம் கரைக்காரராக இருந்தால், ஜப்பான் மண்ணை மிதித்த முதல் தமிழர்களில் ஒருவராக இருப்பார். ‘மலபார்’ என்ற சொல் மலையாளக் கரையையும் சேர்த்தே குறித்ததால் அதற்கு மேல் சொல்ல முடியாது. அங்கிருந்து நவம்பரில் எழுதிய நீண்ட கடிதத்தில், நாங்கள் இவர்கள் நடுவில் சிலைகளைப் போல நிற்கிறோம் என்கிறார். அவர்கள் எங்களைப் பற்றியே பேசுகிறார்கள், நாங்கள் ஒன்றும் புரியாமல் பேசாமல் இருக்கிறோம், குழந்தைகளைப் போல மொழி கற்கிறோம்.

இங்கேயும் ஒரு சொல் காத்திருந்தது. கடவுளுக்கு அஞ்சிரோ கொடுத்த ஜப்பானியச் சொல் ‘தைனிச்சி’. ஷிங்கோன் பௌத்தர்கள் வணங்கும் மகா வைரோசன புத்தரின் பெயர் அது. சவேரியார் தெருவில் நின்று தைனிச்சியை வணங்குங்கள் என்று சொன்னபோது பௌத்தத் துறவிகளுக்கு அவர் அயலாராகத் தெரியவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர், புத்தர் பிறந்த நாட்டுக்காரர், ஏதோ புதுப் பிரிவைச் சேர்ந்தவர் என்று வரவேற்றார்கள். கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கழித்து, யமகுச்சியில் அவர்களிடமே துருவித் துருவிக் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. பெர்னாந்தெசை உடனே தெருவுக்கு அனுப்பித் தைனிச்சியை வணங்காதீர்கள் என்று அறிவிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு லத்தீன் ‘தேயுஸ்’ அப்படியே நின்றது. மணப்பாட்டில் ஒரு கடிதத்தில் முடிந்த வேலை, யமகுச்சியில் தெருவில் நின்று ஒப்புக்கொள்ளும் வேலையாயிற்று.

யமகுச்சிக்காரர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு அவரிடம் ஆறுதலான பதில் இல்லை. இந்தச் சமயத்தைக் கேள்விப்படாமலே இறந்துபோன எங்கள் தாய் தகப்பன் நரகத்தில்தானா? அவர்களை மீட்க வழியே இல்லையா? இல்லை என்றுதான் அவர் சொன்னார். கேட்டவர்கள் அழுதார்கள். அவர்கள் அழுகையைப் பார்க்க எனக்கும் துயரமாக இருக்கிறது என்று எழுதுகிறார். அவருடைய கடிதங்கள் எல்லாவற்றிலும் என்னை மிகவும் கலங்கவைக்கும் இடம் இது. தாம் அறிந்த இறையியலைவிடப் பெரிய ஒன்று அந்த இடத்தில் அவரைத் தொட்டிருக்கிறது என்றே படுகிறது.

இன்னொரு கேள்வியும் வந்தது. இது உண்மையென்றால் சீனர்களுக்கு ஏன் தெரியவில்லை? அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு சீனாவுக்குப் புறப்பட்டார். அவர் சேர்ந்து போகவிருந்த போர்த்துகீசியத் தூதுக்குழுவை மலாக்காவின் கேப்டன் தடுத்துவிட, 1552 ஆகஸ்ட் இறுதியில் தூதுக்குழு இல்லாமலே சாங்சுவான் தீவை அடைந்தார். எதிரே கான்டன் கரை. அயலார் நுழைந்தால் சிறை. மிளகு வாங்கிக்கொண்டு இரவோடிரவாகக் கொண்டுபோய் விடுவதாக ஒரு சீன வணிகர் ஒப்புக்கொண்டிருந்தார். நவம்பர் முழுவதும் கடலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். படகு வரவில்லை. காய்ச்சல் வந்தது. டிசம்பர் 3ஆம் தேதி விடிவதற்கு முன் ஓலைக் குடிசையில் உயிர் பிரிந்தது. வயது நாற்பத்தாறு. கூட இருந்தவர் அந்தோனியோ என்ற சீன இளைஞர். கடைசி நாட்களில் சவேரியார் பேசிக்கொண்டிருந்த ஒரு மொழி தமக்குப் புரியவில்லை என்று பின்னாளில் அந்தோனியோ சொன்னார். அது பாஸ்க் மொழியாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து. எத்தனையோ நாடுகளில் பிறர் மொழியை மனப்பாடமாகச் சுமந்து திரிந்தவர், பிள்ளைப் பருவத்து மொழியைப் பேசியபோது அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள அங்கே ஒருவருமில்லை.

1553 ஜூன் 28இல், இறப்புச் செய்தி எட்டாத ரோமாபுரியிலிருந்து இஞ்ஞாசியார் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐரோப்பாவுக்குத் திரும்பி வாருங்கள் என்று அழைக்கும் கடிதம்.

புன்னைக்காயலில் அதற்குள் இன்னொருவர், சவேரியார் மனப்பாடம் செய்த மொழிக்கு இலக்கணம் எழுத உட்கார்ந்திருந்தார். அண்டிரிக் அடிகளார் என்று நம் மக்கள் அழைத்த என்ரிக்கே என்ரிக்கஸ். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் உழைப்பு. பதினாறு பக்கப் புத்தகம். அடுத்த வாரம் அதைப் பிரிப்போம்.