மூக்கை அளந்தவர்களும் மாதிரி வகைகளும்

வணிகவியல் படிக்கும் நமக்கு வாடிக்கையாளர்களை வகை பிரிப்பது புதிதல்ல. சிக்கனக்காரர், ஆடம்பரக்காரர் என்று பெயர் வைத்துவிடுவோம். தகவல் முறைமை ஆய்வாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். பல நிறுவனங்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகின்றன என்று தகவல் திரட்டி, ஒத்தவற்றை ஒன்று சேர்த்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெயர் சூட்டுவார்கள். அதற்கு ஆர்க்கிடைப் என்று பெயர். நாம் மாதிரி வகை என்று வைத்துக்கொள்வோம்.

வகை பிரிப்பதில் என்ன ஆபத்து? அதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது.

ராயபுரத்திலிருந்து சிறிது தூரத்தில் எழும்பூர் அருங்காட்சியகம். 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மாகாணம் எங்கும் சுற்றி மக்களின் தலை, மூக்கு, உயரம் எல்லாம் அளந்தார். ரங்காச்சாரியுடன் சேர்ந்து தென்னிந்திய சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 7 தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். அன்று மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கி ஓர் எண் எடுப்பார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, மூக்கு அகலமாக அகலமாக சமூக மதிப்பு குறையும் என்றே எழுதினார்!

இங்கே பெட்டிகள் முதலிலேயே தயார். சாதி என்ற பெட்டிக்குள் ஆளைப் போட்ட பிறகுதான் அளவு வந்தது.

அடுத்து வந்தவர் கல்கத்தாவின் மகலனோபிஸ். அவர் தொடங்கியதும் உடல் அளவுகளில்தான். ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு: இரண்டு கூட்டங்களுக்கு இடையே உண்மையில் எவ்வளவு தூரம்? உயரமும் கை நீளமும் சேர்ந்தே கூடும். இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் ஒரே வேறுபாட்டை இரண்டு முறை எண்ணியதாகும். மளிகைக் கடையின் கொள்முதலையும் விற்பனையையும் தனித்தனி வேறுபாடாக எண்ணுவது போல. இந்த இரட்டை எண்ணிக்கையைக் கழிக்கும் தூர அளவை 1936இல் வெளியிட்டார். ஐக்கிய மாகாணத்தில் 1941இல் எடுத்த அளவுகளை அவரும் மஜும்தாரும் சி.ஆர்.ராவும் இதே வழியில் ஆராய்ந்து 1949இல் வெளியிட்டார்கள். அங்கும் சாதிக் கூட்டங்களே எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆனால் எது எதற்கு அருகில் என்பதைக் கணக்கு சொன்னது.

இன்று கொத்து கொத்தாகத் தரவைப் பிரிக்கும் மென்பொருள்களிலும் மகலனோபிஸ் தூரம் உண்டு. தகவல் முறைமைத் துறையில் நிக்கர்சன், வர்ஷ்னி, முன்டர்மன் மூவரும் 2013இல் வகைப்பாட்டுக்கு ஒரு முறை தந்தார்கள். எதற்காகப் பிரிக்கிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். தரவிலிருந்து வகைக்கும், வகையிலிருந்து தரவுக்கும் மாறி மாறிப் போகலாம். பொருந்தாவிட்டால் வகையை மாற்ற வேண்டும்.

ரிஸ்லியிடம் இல்லாதது இந்தக் கடைசிப் படிதான். தரவு பொய்ப்பிக்க இடம் தராத வகை, ஆய்வு அல்ல, முத்திரை.

வட சென்னை என்றதும் சினிமாவில் ரவுடி வருகிறானே, அதுவும் ஒரு மாதிரி வகைதான். யாரும் அளந்து கண்டதல்ல. நாளை நாம் வங்கியிலோ கடன் நிறுவனத்திலோ உட்கார்ந்து, முகவரியை வைத்து ஆட்களை வகை பிரிக்கும் நிலை வரலாம். அப்போது ஒரு கேள்வி போதும்: இந்தப் பெட்டி தரவிலிருந்து வந்ததா, நம் தலையிலிருந்து வந்ததா?

யோசியுங்கள் நண்பர்களே.