கொழுப்பை எடுப்பது சின்ன ஆபரேஷனா? மயக்க மருந்தின் கதை

"வலி இல்லை, தையல் இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்." உடம்பில் இருக்கும் கொழுப்பைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுக்கிற லைபோசக்ஷன் பற்றி வருகிற விளம்பரம் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. சென்னை, பாண்டிச்சேரி, பெங்களூரு என்று எந்த ஊர் விளம்பரமாக இருந்தாலும் இந்த மூன்று விஷயமும் தவறாமல் இருக்கும். எத்தனை லிட்டர் எடுப்பார்கள், எவ்வளவு செலவு, தவணை உண்டா என்பதும் இருக்கும். வலியை எப்படி நிறுத்துவார்கள், யார் நிறுத்துவார்கள் என்பது மட்டும் இருக்காது.

நான் பி.காம். மாணவன், மருத்துவம் படிப்பவன் இல்லை. ஆனால் ஒரு பில்லில் எந்த வரி விடுபட்டிருக்கிறது என்று பார்க்கத்தான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். விடுபட்ட இந்த வரிக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. அதில் பாதி நம் இந்தியாவில் நடந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் கிளிஞ்சல்மேட்டில் வலி என்றால் கெளுத்தி முள். திருக்கை குத்தினால் அதைவிட மோசம். கடலுக்குப் போகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கரைக்கு வந்து, சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுமார் 180 வருடங்களுக்கு முன்னால் ஆபரேஷனும் அப்படித்தான் நடந்தது. நாலு பேர் கைகாலை அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள், டாக்டர் சீக்கிரம் அறுப்பார். வேகமாக அறுப்பவர்தான் நல்ல டாக்டர்!

ஹூக்ளியில் நடந்த விசித்திரம்

1845ம் வருடம் ஏப்ரல் மாதம். வங்காளத்தில் ஹூக்ளி என்ற ஊரில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் இருந்தார். அவரிடம் வந்தவர்களில் பலருக்கு விரை வீக்கம். யானைக்கால் நோயை உண்டாக்கும் அதே ஃபைலேரியாப் புழுவால் வருவது. டெல்டாக்காரர்களுக்கு இந்த நோயைப் பற்றிப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. அங்கே சிலருக்கு அந்தக் கட்டி பல கிலோ எடைக்கு வளர்ந்திருந்தது. வலிக்குப் பயந்து வருடக்கணக்கில் சுமந்துகொண்டே திரிந்தார்கள்.

எஸ்டெய்ல் என்ன செய்தார் தெரியுமா? இருட்டு அறையில் நோயாளியைப் படுக்கவைத்து, ஆட்களை விட்டு மணிக்கணக்கில் உடம்பின் மேல் கையை வருடுவது போல அசைக்கச் சொன்னார். மெஸ்மெரிசம். ஹிப்னாடிசத்துக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். நோயாளி தூங்கியதும் கட்டியை அறுத்து எடுத்தார். இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் செய்ததாகக் கணக்குக் கொடுத்தார். அரசாங்கம் கமிட்டி போட்டுப் பார்த்துவிட்டு, 1846ல் கல்கத்தாவில் அவருக்குச் சின்ன ஆஸ்பத்திரியே கொடுத்தது.

அதே வருடம் அக்டோபர் 16ம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் ஆவியைக் கொடுத்து ஒருவரை மயங்கவைத்துக் காட்டினார். கப்பல் காலத்திலும் அந்தச் செய்தி எவ்வளவு வேகமாக வந்தது பாருங்கள். 1847 மார்ச் 22ம் தேதியே கல்கத்தாவில் ஈதர் கொடுத்து ஆபரேஷன் நடந்துவிட்டது. மணிக்கணக்கில் கையை அசைத்துக்கொண்டிருப்பதற்கு இனி என்ன அவசியம்? மெஸ்மெரிசம் மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

ஒரு கால் நகமும் ஹைதராபாத் நாய்களும்

1847 நவம்பரில் எடின்பரோவில் சிம்ப்சன் என்ற டாக்டர் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். ஈதரைவிட வாசனை நன்றாக இருக்கும், கைக்குட்டையில் சில சொட்டு போதும், சீக்கிரம் வேலை செய்யும். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அடுத்த ஜனவரியில், 1848ல், இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் குளோரோஃபார்மால் இறந்தாள். அவளுக்குச் செய்யவிருந்தது என்ன ஆபரேஷன்? கால் கட்டைவிரல் நகத்தை எடுப்பது. அவ்வளவுதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் சின்னதாக இருக்கலாம். அதற்குக் கொடுக்கிற மயக்கம் சின்னது இல்லை.

குளோரோஃபார்ம் எப்படிக் கொல்கிறது என்பதில் டாக்டர்களுக்குள் பெரிய சண்டை. மூச்சை நிறுத்திக் கொல்கிறதா, இதயத்தை நிறுத்திக் கொல்கிறதா? ஹைதராபாத்தில் ரெசிடென்சி சர்ஜனாக இருந்த எட்வர்ட் லாரி, "மூச்சை மட்டும் பார், நாடியைப் பார்க்காதே" என்ற கட்சி. நிஜாம் அரசாங்கத்தின் பணத்தில் 1888ல் ஒரு கமிஷன் நடந்தது. லண்டனில் லான்செட் பத்திரிகை அதை நம்பவில்லை. உடனே நிஜாம் அரசு ஆயிரம் பவுண்டு கொடுத்து, லண்டனில் இருந்தே ஒரு நிபுணரை அனுப்பச் சொன்னது. லாடர் பிரண்டன் என்பவர் 1889ல் வந்தார். நூற்றுக்கணக்கான நாய்களும் மற்ற மிருகங்களும் பரிசோதனையில் செத்தன. மூச்சுதான் முதலில் நிற்கிறது, லாரி சொன்னது சரி என்று முடிவு வந்தது.

ஆனால் அது முழு உண்மை இல்லை. 1911ல் லெவி என்பவர், லேசான குளோரோஃபார்ம் மயக்கத்திலேயே இதயம் தாறுமாறாகத் துடித்துத் திடீரென்று நின்றுபோகலாம் என்று காட்டினார். ஆக மூச்சையும் பார்க்கவேண்டும், நாடியையும் பார்க்கவேண்டும். அதைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் வேண்டும். அதே ஹைதராபாத்தில் குளோரோஃபார்ம் கொடுப்பதையே தன் தொழிலாக எடுத்துக்கொண்டவர் ரூபாபாய் ஃபர்தூன்ஜி. உலகத்தின் முதல் பெண் மயக்க மருந்து டாக்டர்களில் ஒருவர். நம் பாடப்புத்தகங்களில் ஏன் இவர் இல்லை என்று தெரியவில்லை.

ஆளை விட்டு இடத்தை மட்டும்

ஆளையே தூங்கவைக்காமல் வலிக்கிற இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தால் என்ன? 1884ல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கோகேயின் சொட்டுவிட்டுக் கண்ணை மரக்கவைத்தார். 1892ல் பெர்லினில் ஷ்லைஷ் என்பவர் கோகேயினை நிறையத் தண்ணீரில் கலந்து, தோலுக்கடியில் ஏற்றி, அந்த இடத்தையே ஊதவைத்து ஆபரேஷன் செய்யலாம் என்றார். அப்புறம் 1943ல் ஸ்வீடனில் லோஃப்கிரென் என்ற வேதியியல்காரர் லிக்னோகேயினைத் தயாரித்தார். பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிற ஊசி பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

இப்போது கொழுப்புக்கு வருவோம். 1920களில், நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அதே காலத்தில், பாரிசில் துஜாரியே என்ற டாக்டர் ஒரு நடனக்காரியின் காலை மெலிதாக்கப் போனார். சுரண்டும் கருவியால் கொழுப்பைச் சுரண்டியதில் ரத்தக்குழாய் அடிபட்டு, கால் அழுகி, கடைசியில் காலையே எடுக்கவேண்டியதாயிற்று. அதோடு ஐம்பது வருடம் யாரும் பெரிதாக அந்தப் பக்கம் போகவில்லை.

1970களின் நடுவில் ரோமில் ஃபிஷர் என்ற அப்பாவும் மகனும் உறிஞ்சு குழாயைக் கொண்டுவந்தார்கள். 1977 வாக்கில் பாரிசில் இல்லூஸ் என்ற டாக்டர் முனை மழுங்கிய குழாயைப் பயன்படுத்தி இதைப் பிரபலப்படுத்தினார். ஆனால் அப்போது முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள். திரவம் எதுவும் ஏற்றாமல் செய்தால், உறிஞ்சி எடுத்ததில் 20 முதல் 45 சதவீதம் வரை ரத்தமாகவே இருந்தது. ரத்தம் ஏற்றவேண்டிய நிலைகூட வந்தது.

1985ல் கலிஃபோர்னியாவின் தோல் டாக்டர் ஜெஃப்ரி கிளைன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு லிட்டர் சலைனில் கொஞ்சம் லிக்னோகேயின், கொஞ்சம் அட்ரினலின், எரிச்சல் குறைய சோடா உப்பு சேர்த்து, கொழுப்புக்குள் லிட்டர் கணக்கில் ஏற்றுவது. இடம் தண்ணீர் நிரம்பிய பை போல விறைத்துக்கொள்ளும். அதனால் இதற்கு டியூமசன்ட் முறை என்று பெயர். ஷ்லைஷின் யோசனைக்குத் தூரத்துப் பேரன். அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால், எடுப்பதில் ரத்தம் ஒரு சதவீதம் அளவுக்குக் குறைந்தது. நோயாளி விழித்தபடியே பேசிக்கொண்டிருக்கலாம். மரப்பு பல மணி நேரம் நீடிப்பதால் ஆபரேஷன் முடிந்த பிறகும் வலி குறைவு. அடுத்த சில நாட்களுக்கு உடம்பு அடித்துப்போட்டது போல் இருக்கும், இறுக்கமான உடுப்புப் போட்டுக்கொள்ளவேண்டும். மற்றபடி சமாளிக்கலாம்.

கணக்கு இங்கேதான் இருக்கிறது

லிக்னோகேயினை அட்ரினலினோடு சாதாரணமாக ஊசியில் போடும்போது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது பழைய விதி. 60 கிலோ ஆளுக்கு 420 மில்லிகிராம். கிளைன் 1990ல் தன் முறையில் கிலோவுக்கு 35 வரை போகலாம் என்றார். அதே ஆளுக்கு 2,100 மில்லிகிராம். 1996ல் வேறு சிலர் 55 வரை பாதுகாப்பு என்றார்கள். அதாவது 3,300. பழைய அளவைப் போல ஏழெட்டு மடங்கு!

எப்படி முடிகிறது? கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு, அட்ரினலின் அதை இன்னும் குறைக்கிறது. மருந்து மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் இதற்கு மறுபக்கம் உண்டு. ரத்தத்தில் மருந்து உச்சத்துக்கு வருவது சுமார் 12 மணி நேரம் கழித்து. காலை பத்து மணிக்கு ஊசி போட்டால் உச்சம் ராத்திரி பத்து மணிக்கு. "அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று போனவர் அப்போது எங்கே இருப்பார்? சென்னையில் செய்துகொண்டு காரைக்கால் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார். உதடு மரப்பது, காதில் இரைச்சல், வாயில் உலோக ருசி, குழறும் பேச்சு... இதெல்லாம் மருந்து அதிகமானதன் அறிகுறி. முற்றினால் வலிப்பு, இதயம் நிற்பது. எரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளைக் கூடவே சாப்பிட்டால் கல்லீரல் லிக்னோகேயினைக் கழிக்கும் வேகமும் குறையும்.

புள்ளிவிவரங்களைப் பார்ப்போம். 1995ல் வெளியான ஆய்வில், டியூமசன்ட் மரப்பு முறையில் செய்துகொண்ட 15,336 பேரில் ஒருவரும் சாகவில்லை. 2000ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் எடுத்த கணக்கில் 4,96,245 ஆபரேஷனில் 95 சாவு. சுமார் 5,200 பேருக்கு ஒருவர். முக்கியக் காரணம் நுரையீரலில் போய் அடைக்கிற ரத்தக் கட்டி. இரண்டையும் பக்கத்தில் வைத்து "மரப்பு நல்லது, மயக்கம் கெட்டது" என்று முடிவு கட்டினால் தப்பு. இரண்டாவது கணக்கில் பெரிய அளவில் கொழுப்பு எடுத்தவர்களும், கூடவே வேறு ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் உண்டு. 1999ல் நியூயார்க்கில் இருந்து வந்த அறிக்கை, டியூமசன்ட் முறைக்குப் பிறகு இறந்த ஐந்து பேரைப் பற்றியது. மரப்போடு வேறு மயக்க மருந்துகளும் சேர்ந்ததுதான் வினை என்பது கிளைன் கட்சியின் வாதம்.

இதில் இருந்து எனக்குப் புரிந்தது இது. கொஞ்சம் கொழுப்பு என்றால் மரப்பு ஊசி போதும். அளவு மீறாமல் இருக்கவேண்டும். பெரிய அளவு என்றால் முழு மயக்கம்; ஆனால் அது முழு வசதி உள்ள ஆஸ்பத்திரியில். இடுப்புக்குக் கீழே என்றால் சிசேரியனுக்குப் போடுவது போல முதுகில் ஊசி போடுவதும் உண்டு. அதில் ரத்த அழுத்தம் இறங்கலாம். இவற்றில் ரொம்ப ஆபத்தான இடம் நடுவில் இருக்கிறது. "லேசாகத் தூங்கவைக்கிறோம்" என்று சொல்லி, தனியாக மயக்க மருந்து டாக்டர் இல்லாமல், மூச்சைக் கவனிக்க ஆள் இல்லாமல் கொடுப்பது. லாரி வேண்டாம் என்றது நாடியை மட்டும்தான். இங்கே மூச்சு, நாடி இரண்டையும் பார்க்க ஆள் இல்லை. இந்தியத் தோல் டாக்டர்கள் சங்கமும் 2008லேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டு, ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறது.

2022 மே மாதம் பெங்களூருவில் 21 வயதுக் கன்னட நடிகை ஒருவர் கொழுப்பு எடுக்கும் ஆபரேஷனுக்குப் போய் இறந்தார். 2024 ஏப்ரலில் நம் புதுச்சேரி இளைஞர் ஒருவர், வயது 26, உடல் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்காகச் சென்னைக்குப் போய் இறந்தார். பின்னது லைபோசக்ஷன் இல்லை, வயிற்றில் செய்கிற வேறு ஆபரேஷன். ஆனால் இரண்டு பேரும் நம் வயசு. இரண்டு பேரும் நோய்க்காக அவசரமாக ஓடியவர்கள் இல்லை, தேதி குறித்துவிட்டுப் போனவர்கள்.

காரைக்கால் அம்மையார் இறைவனிடம் கேட்டுத் தன் தசையை உதறிப் பேயுருவம் எடுத்தார். அதற்கு மயக்க மருந்து தேவைப்படவில்லை :-) நமக்குத் தேவைப்படும். அதனால் தெரிந்தவர் யாராவது போவதாக இருந்தால் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

1. என்ன மயக்கம், ஏன் அது?
2. மயக்க மருந்து டாக்டர் யார், கடைசி வரை பக்கத்தில் இருப்பாரா?
3. என் எடைக்கு லிக்னோகேயின் மொத்தம் எவ்வளவு?
4. நான் சாப்பிடுகிற மாத்திரைகளைப் பார்த்தீர்களா?
5. ராத்திரி ஏதாவது என்றால் எங்கே வருவது, யார் இருப்பார்கள்?

பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் அது லாபம் இல்லை. மயக்க மருந்து டாக்டரின் ஃபீஸை மிச்சம் பிடித்துத்தான் சில இடங்களில் ரேட் குறைகிறது. கால் நகம் எடுக்கப் போன பதினைந்து வயதுப் பெண்ணில் இருந்து இன்றைக்கு வரை அந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு சரியாக வந்ததே இல்லை.