சுழல்தண்டுகளின் நேர்ப்பிறழ்வு: கண்டறிதலின் வரலாறு

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பொறிகளை ஆக்கியோரின் பெயர்களையே முதன்மைப்படுத்தினர். அப்பொறிகள் பழுதுறாமற் காத்தோரின் அறிவு அவ்வரலாற்றிற் போதிய இடம் பெறவில்லை. அவ்வறிவின் இயல்பை விளங்கிக்கொள்ள, சுழல்தண்டுகளின் நேர்ப்பிறழ்வு என்னும் குறைபாட்டை நோக்குதல் தகும்.

மோட்டரொன்றின் தண்டும் அது இயக்கும் பம்பியின் தண்டும் இணைப்பியொன்றினாற் பிணைக்கப்படுகின்றன. இயங்கும்போது இரண்டின் அச்சுக்களும் ஒரே நேர்கோட்டில் அமைதல் வேண்டும். ஓரச்சு மற்றையதற்குச் சமாந்தரமாக விலகினும், கோணமாகச் சாயினும் அது நேர்ப்பிறழ்வாகும். அதன் விளைவாகப் போதிகைகள் சூடேறித் தேயும், இணைப்பியும் கேடுறும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆலைகளில் ஒரே நீராவிப் பொறி நீண்ட தண்டுகளின் வழியே பல தறிகளை இயக்கியது. அங்கு அளவுகருவி தொழிலாளியின் உடலே. போதிகையிற் கைவைத்துச் சூட்டையும் நடுக்கத்தையும் அறிந்தான். கோலின் ஒரு முனையைப் போதிகையிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து ஒலியைக் கேட்டான். இவ்வறிவு ஏடுகளில் ஏறவில்லை, கைவழியாகவே கையளிக்கப்பட்டது.

1884இல் சார்ள்ஸ் பார்சன்ஸ் அமைத்த நீராவிச் சுழலி நிமிடத்திற்கு ஏறத்தாழ 18,000 முறை சுழன்றது. வேகம் மிகமிகச் சிறு பிறழ்வும் பெருங்கேடாயிற்று. முள்ளுடைய முகமானிக்கு 1883இல் அமெரிக்காவில் காப்புரிமை கோரப்பட்டது. இவ்வகைக் கருவியைத் தண்டிற் பொருத்தி மெல்லச் சுழற்றி, அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்களவிலும் பிறழ்வை அளக்கும் வழக்கம் பின்னர் உருவாயிற்று. ஆனால் அது ஓய்ந்திருக்கும் பொறியின் நிலையையே கூறும்.

இயங்கும் பொறியை மதிப்பிடும் முயற்சியில் 1939ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் ரி. சி. ரத்போன் அதிர்வின் ஏற்கத்தகும் எல்லைகளை வரைபடமாக வெளியிட்டார். அளவுகளை வகுத்தவிடத்தும், ‘மென்மை’, ‘கரடு’ என்னும் தொட்டறியும் கையின் சொற்களே அவற்றிற்குப் பெயர்களாயின. தொழிலாளியின் அறிவு அழியவில்லை; எண்களுள் குடிபுகுந்தது.

1965இல் கூலியும் ரூக்கியும் வெளியிட்ட விரைவுக் கணிப்புமுறை, அதிர்வை அதன் கூறுகளாகப் பிரிப்பதை எளிதாக்கியது. சுழற்சி வேகத்தின் இருமடங்கு அதிர்வெண்ணில் எழும் அதிர்வும், தண்டின் நீளவாக்கில் எழும் அதிர்வும் நேர்ப்பிறழ்வின் அறிகுறிகளாகக் கொள்ளப்பட்டன. எனினும் வேறு பழுதுகளும் இவற்றைத் தோற்றுவிக்கக்கூடும். 1984இல் ஜேர்மனியில் லேசர்க் கதிர்கொண்டு தண்டுகளை நேராக்கும் கருவி விற்பனைக்கு வந்தது.

அக்கருவியும் சிந்தனையின் சுமையை நீக்கவில்லை. உருக்கு வெப்பத்தால் விரியும். தண்டினை அரை மீற்றர் உயரத்தில் தாங்கும் உருக்குப் பகுதி 50 பாகை செல்சியஸ் சூடேறின், தண்டு ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் உயரும். ஆகவே குளிர்ந்த நிலையிற் பிழையின்றி நேராக்கிய பொறியே இயங்கும்போது பிறழக்கூடும். எவ்வளவு உயரும் என்பதை முன்னுணர்ந்து, வேண்டுமென்றே சிறிது தாழ்த்தி வைப்பவனே அப்பொறியை அறிந்தவன்.

கருவிகளின் வளர்ச்சி மனிதத் திறனை வேண்டாததாக்கிவிட்டது என்னும் கூற்று இவ்வரலாற்றிற்குப் பொருந்தாது. கருவி அளவைத் தரும். அதன் பொருளை உரைப்பது பொறியோடு பழகிய அறிவேயாகும். அவ்வறிவுக்குரியோரைப் புறக்கணித்து எழுதப்படும் கைத்தொழில் வரலாறும் ஒருவகையில் நேர்ப்பிறழ்வுற்றதே எனலாம்.