புல்வெளிகளின் சமூக வரைபடம்

புல்வெளி, புதர்நிலம், உவர்வெளி முதலிய மரச்செறிவற்ற இயற்கை நிலங்களின் எல்லைகளையும், நீர்நிலைகளையும், பருவந்தோறும் மாறும் மேய்ச்சற் பாதைகளையும், அந்நிலங்களில் பரம்பரையாக ஜீவனம் செய்யும் ஜனங்களே எடுத்துரைத்து, அளந்து, படமாக வரைந்து வைக்கும் முறை சமூக வரைபடம் எனப்படும். தீர்வை தராத நிலத்தையெல்லாம் தரிசு என்று பதிந்துகொண்ட ஆங்கிலேய வருவாய் நிர்வாகத்தின் சம்பிரதாயம் சுதந்திரத்துக்குப் பின்னும் நீடித்து, 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட தரிசுநிலப் படத்தொகுதியிலும் புதர்நிலங்கள் பாழ்நிலக் கணக்கிலேயே சேர்ந்திருந்தமையால், இம்முறை வெறும் பூகோள விவகாரமாக நில்லாமல் பாத்தியதை விவகாரமாகவும் ஆயிற்று. தரிசு என்று ஒருமுறை எழுதப்பட்ட இடத்தில் மரம் நடுவதையும் சூரிய மின்தகடுகளைப் பரப்புவதையும் புண்ணிய காரியமென்றே பலரும் கருதுகின்றனர். அங்கே முன்பே மேய்ந்துகொண்டிருந்த ஆட்டையும் மாட்டையும் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

மதுசூதன், வானக் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2022-இல் வெளியிட்ட வரைபடம், இந்தியாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3 லட்சம் சதுர கிலோமீட்டர், இத்தகைய பாதிவறண்ட திறந்த வெளிகளே என்று காட்டிற்று. எனினும் வானிலிருந்து எடுத்த படம் நிலத்தின் தோற்றத்தைக் கூறுமேயன்றி, அதன் உபயோகத்தைக் கூறாது.

இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம் குஜராத்தில், கட்ச் பெரிய ரண் என்னும் உவர்ச் சதுப்புவெளியின் தென்புறத்தில், சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள பன்னி என்னும் புல்வெளியாகும். இங்கே வசிக்கும் மால்தாரிகள் என்னும் கால்நடை வளர்ப்போரின் எருமைகள் இரவில் தாமாகவே சென்று மேய்ந்து, விடியலில் வீடு திரும்பும் பழக்கமுடையவை; அவ்வெருமை 2010-இல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றது. 1955-இல் பாதுகாக்கப்பட்ட வனமென அறிவிக்கப்பட்ட இப்பிரதேசத்தில், ரண்ணின் உப்பு உள்ளே பரவாமல் தடுக்கும் உத்தேசத்துடன் வனத்துறையார் 1960-களின் தொடக்கத்தில் பரப்பிய மரம், இராமநாதபுரத்துக் கண்மாய்களைக் கண்டவர்களுக்கு நன்கு பரிச்சயமான அதே சீமைக்கருவேலமேயாகும். புல் மழைக்குப் பின் சில மாதங்களே பசுமை காட்ட, இம்மரமோ கோடையிலும் பசுமை மாறாதிருப்பதால், ஒரே பருவத்துப் படத்தை நம்புபவருக்குப் புல்வெளி அழிவதே செழிப்பாகத் தோன்றிவிடும்; பல பருவத்துப் படங்களை ஒப்பிட்டு, எவ்விடத்தில் எப்புல் எம்மாதம் முளைக்குமென்று மேய்ப்பவர் கூறுவதையும் சேர்த்தாலன்றி உண்மை புலப்படாது. உவர்நீருக்கு மேலே தங்கும் மழைநீரைத் தாழ்ந்த நிலத்தில் ஆழமின்றித் தோண்டி எடுக்கும் விர்தா என்னும் ஊற்றுக்குழிகளையும் அவர்கள் சுட்டிக் காட்டினாலொழிய அளவையாளர் அறிவதரிது.

வரையும் கிரமம் எளியது. முதலில் முதியோர் மணலில் கோலும் கல்லும் கொண்டு இடங்களைக் குறிப்பர். பின்பு இளையோர் கையடக்கமான இடங்காட்டிக் கருவியுடன் எல்லையை நடந்து பதிவர். அப்பதிவு செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தப்பட்டு, கிராம சபையின் முன் படிக்கப்பட்டுத் திருத்தம் பெறும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இத்தகைய படங்களுக்கு அதிகார பூர்வமான பயனளித்தது. மேய்ச்சல் சமூகத்தாரின் விஷயத்தில், கிராம எல்லையை மட்டுமன்றி அவர்கள் பருவந்தோறும் பயன்படுத்தும் நிலப்பரப்பையும் சமூக வன வளமாக அச்சட்டம் ஏற்கிறது. உரிமை கோருவதற்கான படத்தைத் தயாரிக்கும் பொறுப்பும் கிராம சபை அமைக்கும் குழுவினுடையதே. 2008-இல் சங்கமாகத் திரண்ட மால்தாரிகள், பன்னி முழுவதும் ஊர்களுக்குள் பங்கிடப்படாத பொதுமேய்ச்சல் என்றே வாதித்தனர். அவ்வாதம் நியாயமானதென்பதே என் அபிப்பிராயம். மழை எங்கே பெய்கிறதோ அங்கே மந்தை செல்லும் தேசத்தில் ஊருக்கொரு கோடு கிழிப்பது வேலி அடைப்பதற்கு முன்னோடியாகவே முடியும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2021-இல் பன்னிப் புல்வெளியின் ஆக்கிரமிப்புகளை ஆறு மாதத்துக்குள் அகற்றுமாறு உத்தரவிட்டு, சமூக வனத்தைப் பாதுகாக்கும் மால்தாரிகளின் உரிமை தொடருமென்றும் கூறிற்று.

இம்முறைக்குத் தோஷமும் உண்டு. வரைபவர் கூட்டத்தில் பெண்கள் இல்லாவிடில் விறகும் நீரும் எடுக்கும் வழிகள் விடுபடும். வறட்சிக் காலத்தில் மட்டும் வெளியூரிலிருந்து வந்து மேய்த்துச் செல்லும் மந்தைக்காரருடைய அநுபவ பாத்தியதை, அவர்கள் இல்லாத மாதத்தில் வரையப்படும் படத்தில் இடம்பெறாமல் போகும்.