குடும்பக் குறிப்பேடும் நரம்புக் கலமும்

உயிரோடிருக்கும் நோயாளியின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. மனநோய் ஆய்வு நெடுங்காலம் தடக்குப்பட்டு நின்ற இடம் இதுதான். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் 1995இல் தொடங்கிய மூளை வங்கிகூட இறந்தவர்களின் மூளையைத்தான் சேர்த்தது. அதில் நோயின் முடிவைப் பார்க்கலாம், தொடக்கத்தைப் பார்க்க முடியாது.

ஜப்பானில் வழி பிறந்தது. ஷின்யா யமனாக்கா 2006இல் எலியின் தோற்கலங்களுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அவற்றை, எந்தக் கலமாகவும் வளரக்கூடிய, கருவின் தொடக்கநிலைக் கலங்கள் போலாக்கினார். அடுத்த ஆண்டே மனிதக் கலங்களிலும் அது பலித்தது. 2011இல் அமெரிக்காவின் சோல்க் நிறுவனத்தார், உளப்பிளவு நோயாளர் நால்வரின் தோலிலிருந்து நரம்புக் கலங்களை வளர்த்தார்கள். அவற்றிடையே இணைப்புகள் குறைவாயிருந்தன. லொக்சபின் என்ற மருந்தை இட்டதும் கூடின.

பெங்களூரில் இந்த வேலை குடும்பங்களிலிருந்து தொடங்கியது. உளமருத்துவர் சஞ்சீவ் ஜெயினும் சக வைத்தியர்களும், பலருக்கு மனநோய் வந்த குடும்பங்களைப் பல்லாண்டுகளாகப் பின்தொடர்ந்தார்கள். யாருக்கு எந்த வயதில் வந்தது, எந்த மருந்து பிடித்தது, எந்தச் சகோதரருக்கு வரவேயில்லை என்பதெல்லாம் ஏடேறின. 2010களில் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இன்ஸ்டெம் நிறுவனமும் இவர்களுடன் கைகோத்தன. உளப்பிளவு, இருதுருவ நோய், எண்ணச்சுழற்சி, மதுவடிமை, அல்சைமர் ஆகிய ஐந்தும் ஆய்வுக்கு வந்தன. நோயாளியின் கொஞ்சம் குருதி போதும், அதன் கலங்களைத் தொடக்கநிலைக்குத் திருப்பி நரம்புக் கலங்களாக வளர்க்கலாம். 37 பாகை வெப்பம், 5 சதவீதக் காபனீரொட்சைட்டு, அடிக்கடி மாற்றும் இளஞ்சிவப்பு ஊட்டத் திரவம் என்று கைக்குழந்தையைப் போல அந்தக் கலங்களைப் பார்க்கவேண்டும்.

குறிப்பேடு ஏன் முக்கியம்? இருதுருவ நோயாளரின் நரம்புக் கலங்கள் மிகையாகத் துடிப்பதை 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்நோய்க்குத் தரும் லித்தியம் அந்தத் துடிப்பை எல்லாக் கலங்களிலும் அடக்கவில்லை. லித்தியத்தால் குணம் கண்டவர்களின் கலங்களில் மட்டுமே அடக்கியது. யார் குணம் கண்டார் என்பதை வைத்தியர் எழுதி வைத்திராவிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிராது.

போரைக் கண்ட இலங்கையின் வன்னியில் இப்படி ஆராய முயன்றால் ஒரு சிக்கல் உண்டு. கலத்தைத் தொடக்கநிலைக்குத் திருப்பும்போது பரம்பரை மாறாது. ஆனால் வயதும் வாழ்வும் மரபணுமேல் பதித்த வேதிக்குறிகளில் பெரும்பகுதி அழிந்துபோகும். 2009 தொடக்கத்தில் போருக்குத் தப்பி, வன்னியின் முரசுமோட்டையை விட்டுப் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போனவர்களின் குருதியை எடுத்து வளர்த்தால், பிறவியில் வந்த பலவீனம் தெரியலாம். பதுங்குகுழி இரவுகள் தெரியா. வடக்கின் போர்க்காயம் தனிமனிதரில் மட்டுமல்ல, குடும்பத்திலும் ஊரிலும் கிடப்பதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இலேயே எழுதியிருந்தார். ஆகவே இங்கே இப்படியொரு ஆய்வு வந்தால், குருதி எடுக்கமுன் வீடு வீடாகக் கதை கேட்டு எழுதவேண்டும். தோற்கலத்தைத் தொடக்கநிலைக்குத் திருப்பாமல் நேரடியாக நரம்புக் கலமாக்கும் முறையையும் பார்க்கவேண்டும். அதில் வயதின் தடயங்கள் தங்குவது 2015இல் தெரியவந்தது.