கையொப்பங்கள் கூறும் வரலாறு

ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால், எந்த உரிமை எந்த ஆண்டில் வழங்கப்பட்டது என்பது தெரியும். அதற்கு ஒப்புதல் அளித்த கவர்னர் யார், அப்பொழுது ஆட்சியில் இருந்த பிரதமர் யார் என்பதும் தெரியும். ஆனால், அவ்வுரிமைக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் யார், அவர்களுக்குக் கதவைத் திறந்து கையொப்பமிட்டவர்கள் யார் என்பதைச் சட்டப் புத்தகம் கூறாது. அதனைக் கூறுவதற்கு வேறு தாள்கள் வேண்டும். அத்தாள்கள் காக்கப்பட்டால் வரலாறு ஒருவகையாக அமைகிறது. அழிந்துபோனால் வேறுவகையாக அமைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாக்குரிமைக் கிளர்ச்சிகள் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

மறைந்த பெயர்கள்

இங்கிலாந்தில் 1838-ஆம் ஆண்டு 'மக்கள் சாசனம்' வெளியிடப்பட்டது. வயது வந்த ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை, இரகசிய வாக்கெடுப்பு முதலிய ஆறு கோரிக்கைகள் அதில் இருந்தன. அதனை ஏற்றுப் போராடிய தொழிலாளர் சாசனவாதிகள் எனப்பட்டனர். அவர்கள் 1839, 1842, 1848 ஆகிய ஆண்டுகளில் மும்முறை நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பித்தனர். 1842-இல் கொண்டுவந்த விண்ணப்பத்தில் மட்டும் 33 இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் இருந்தன. நாடாளுமன்றமோ 287 வாக்குகளுக்கு 49 என்ற கணக்கில் அவர்கள் குறையைக் கேட்கவும் மறுத்துவிட்டது.

பிற்காலத்தில் அவ்வாறு கோரிக்கைகளுள் ஐந்து நிறைவேறின. ஆயினும் அம்மாபெரும் விண்ணப்பங்களுள் ஒன்றேனும் இன்று இல்லை. தலைவர்கள் சிலரின் பெயர்கள் நிலைத்தன. கையொப்பமிட்ட இலட்சக்கணக்கான எளியோரின் பெயர்கள் தாளோடு தாளாக மறைந்தன.

1866 ஜூன் 7-ஆம் நாள், பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1,499 மாதர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் அதே நாடாளுமன்றத்தில் அளித்தார். மறு ஆண்டு அவர் கொண்டுவந்த திருத்தம் 73-க்கு 196 என்று தோற்றது. இவ்விண்ணப்பத்தின் மூலத் தாளும் கிடைக்கவில்லை. எனினும், கையொப்பமிட்டோர் பெயர்களை அக்காலத்திலேயே அச்சிட்டிருந்தனர். அவ்வச்சுப் பிரதி எஞ்சியதால் 1,499 பேரின் பெயர்களும் பிழைத்தன. அவர்களுடைய கையெழுத்து பிழைக்கவில்லை.

கையெழுத்தே பிழைத்த இடம் ஒன்று உண்டு. அது பசிபிக் பெருங்கடலின் தென்கோடியில் உள்ள நியூசிலாந்து.

மதுவிலக்கும் மாதர் உரிமையும்

நியூசிலாந்து அந்நாளில் தன்னாட்சி பெற்ற பிரிட்டிஷ் குடியேற்ற நாடு. அங்கே 1879-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வயது வந்த ஆடவர் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். பெண்களுக்கு அது கிட்டவில்லை. 1885-இல் அமெரிக்காவிலிருந்து வந்த மேரி லெவிட் அம்மையாரின் முயற்சியால் அங்கே கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கம் வேரூன்றியது. கணவன் ஈட்டிய கூலி சாராயக் கடைக்குப் போனால் அடுப்பு எரியாது என்பதைப் பெண்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மதுச் சட்டத்தை மாற்ற வேண்டுமானால் சட்டம் செய்வோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும். இவ்வாறு மதுவிலக்கு இயக்கம் வாக்குரிமை இயக்கமாகவும் வளர்ந்தது.

1887-இல் அச்சங்கத்தின் வாக்குரிமைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் கிறைஸ்ட்சர்ச் நகரத்துக் கேட் ஷெப்பர்டு அம்மையார். பெண்கள் வாக்களிக்க வேண்டியதற்கான பத்துக் காரணங்களை 1888-இல் அவர் சிறு வெளியீடாகக் கொண்டுவந்தார். அவருடைய வாதம் மதுவோடு நிற்கவில்லை. ஆணுக்கு நியாயமான உரிமை பெண்ணுக்கும் நியாயமே என்பது அதன் அடிப்படை.

1891-இல் 9,000-க்கு மேற்பட்ட கையொப்பங்கள் திரண்டன. 1892-இல் அவை ஏறக்குறைய 20,000 ஆயின. 1893-இல் ஏறக்குறைய 32,000-ஐ எட்டின. அந்நாட்டில் வாழ்ந்த வயது வந்த ஐரோப்பியப் பெண்களில் இது கால் பங்குக்குச் சற்றே குறைவாகும். டனீடின் நகரில் தையல் தொழிற்பெண்களின் சங்கத்தைச் சேர்ந்த ஹாரியட் மோரிசன் போன்றோர் தொழிலாளப் பெண்களிடம் கையொப்பம் திரட்டினர். சீமாட்டிகளின் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்கிவிட முடியாதபடி செய்தவர்கள் இத்தகையோரே.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. டனீடின் உறுப்பினர் ஹென்றி ஃபிஷ் கூலிக்கு ஆள் அமர்த்தி, மதுக்கடைகளில் எதிர் விண்ணப்பங்களைச் சுற்றுக்கு விட்டார். அவற்றுள் சில கையொப்பங்கள் பொய்யானவை என்பதும், சில ஏமாற்றிப் பெற்றவை என்பதும் வெளிப்பட்டபோது அம்முயற்சி அவருக்கே கேடாய் முடிந்தது.

சட்டசபையில் உருண்ட சுருள்

ஊர்தோறும் இருந்து வந்த தாள்களைக் கேட் ஷெப்பர்டு ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினார். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட அத்தாள்கள் சேர்ந்து ஏறக்குறைய 270 மீட்டர் நீளமாயின. அதனை ஒரு துடைப்பக் கட்டையின் துண்டில் சுற்றி வெல்லிங்டனுக்கு அனுப்பினார். முன்னாள் பிரதமர் சர் ஜான் ஹால் அச்சுருளைச் சட்டசபைக்குக் கொண்டுவந்து நடுவழியில் உருட்டிவிட்டார். அது விரிந்துகொண்டே சென்று, எதிர்ச்சுவரில் 'தட்' என்று மோதி நின்றது. சொற்பொழிவால் உணர்த்த முடியாததை அந்த ஓசை அவையினருக்கு உணர்த்தியது.

உரிமை தந்தவர் யார்?

1893 செப்டம்பர் 8-ஆம் நாள் மேல்சபையில் மசோதா 20-க்கு 18 என்று நிறைவேறியது. செப்டம்பர் 19-ஆம் நாள் கவர்னர் கிளாஸ்கோ பிரபு ஒப்புதல் அளித்தார். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிய முதல் தன்னாட்சி நாடு என்னும் பெருமையை நியூசிலாந்து பெற்றது. மாவோரிப் பெண்களுக்கும் அவ்வுரிமை கிடைத்தது.

அப்பொழுது பிரதமராக இருந்தவர் ரிச்சர்டு செடன். சட்டப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவர், அவரே பெண்களுக்கு உரிமை தந்தவர் என்று எண்ணக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. மேல்சபையில் மசோதாவைத் தோற்கடிக்க விரும்பிய செடன், தம் கட்சி உறுப்பினர் ஒருவரைத் தம் வாக்கை மாற்றும்படி செய்தார். இத்தலையீட்டைக் கண்டு சினமுற்ற எதிர்க்கட்சியினர் இருவர், அதுவரை மசோதாவை எதிர்த்தவர்கள், ஆதரவாக வாக்களித்துவிட்டனர். அதனாலேயே இரண்டு வாக்கு வித்தியாசத்தில் வெற்றி கிட்டியது.

அப்படியானால், சூழ்ச்சி தவறியதால் தற்செயலாகக் கிடைத்த உரிமையா அது? அன்று, என்று கூறும் ஆதாரம் அந்த 270 மீட்டர்ச் சுருளே. மூன்றாண்டு உழைப்பால் திரண்ட பேராதரவு பின்னால் நின்றிராவிட்டால், மசோதா அத்தனை தூரம் வந்திராது. அடுத்து வந்த நவம்பர் 28-ஆம் நாள் தேர்தலும் இதனை மெய்ப்பித்தது. இடையில் இருந்த சில வாரங்களுக்குள் 109,000-க்கு மேற்பட்ட பெண்கள் பெயரைப் பதிந்துகொண்டனர். அவர்களுள் 90,000-க்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். எனினும், வேட்பாளராக நிற்கும் உரிமைக்குப் பெண்கள் 1919 வரையிலும், முதல் பெண் உறுப்பினருக்கு 1933 வரையிலும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

காத்தவையும் காவாதவையும்

அச்சுருள் 1997-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2017 முதல் வெல்லிங்டன் தேசிய நூலகத்தில், மாவோரித் தலைவர்கள் 1835-இல் செய்த சுதந்திரப் பிரகடனத்துடனும் 1840-ஆம் ஆண்டு வைத்தாங்கி உடன்படிக்கையுடனும் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. நாட்டின் பிறப்புக்குரிய ஆவணங்களோடு சாதாரணப் பெண்களின் கையொப்பத் தாள்களும் சமமாக அமர்ந்தன.

இப்பொழுது அப்பெயர்களைக் கணினியில் தேடிப் பார்க்கலாம். தம் பாட்டியும் பூட்டியும் ஒப்பமிட்டனரா என்று பேரப்பிள்ளைகள் தேடுகின்றனர். அவர்களுள் பலரைப் பற்றிச் சிறு வரலாறுகளும் எழுதப்பட்டுள்ளன. கணவன் பெயரால் மட்டும் ஊருக்கு அறிமுகமாகியிருந்த பெண், தன் கையால் எழுதிய ஒரு வரியால் மீண்டும் அடையாளம் பெறுகிறாள்.

மாவோரிப் பெண்களின் குரலுக்கும் ஓர் ஏடு துணை நின்றது. 1893-இல் மாவோரி மக்கள் தமக்கென நடத்திய மன்றத்தில் மெரி தே தாய் மங்காகாஹியா என்னும் பெண்மணி பேசினார். நிலம் உடைய மாவோரிப் பெண்கள் பலர் இருக்க, அவர்கள் வாக்களிக்கவும் உறுப்பினராகவும் ஏன் கூடாது என்பது அவர் கேள்வி. அன்று அதற்கு முடிவு ஏற்படவில்லை. 1897-இல் அம்மன்றத்திற்கு வாக்களிக்கும் உரிமை பெண்களுக்குக் கிடைத்தது. கூட்ட நடவடிக்கைகளை மாவோரி மொழியில் குறித்து வைத்தமையால் அவர் சொற்கள் இன்றும் கிடைக்கின்றன.

ஆனால், 1893-இல் அளிக்கப்பட்டது ஒரே விண்ணப்பம் அன்று, மொத்தம் பதின்மூன்று. பெரிய சுருள் ஒன்றே எஞ்சியது. சிறியவை பன்னிரண்டும் கிடைக்கவில்லை. அவற்றில் ஒப்பமிட்ட ஆயிரக்கணக்கான பெண்களும் பெரிய சுருளில் ஒப்பமிட்டோரைப் போலவே துணிந்தவர்கள். அதே உரிமையைப் பெற்றுத் தந்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் தேடினால் பெயர் அகப்படாது. சிறிய கட்டு என்று யாரோ பொருட்படுத்தாமல் விட்டதன் விலை அது. பள்ளியின் பழைய வருகைப் பதிவேட்டையோ சங்கத்தின் கூட்டக் குறிப்பையோ குப்பையென எறிய எண்ணும் கை, அப்பன்னிரண்டையும் ஒருகணம் நினைத்துக்கொள்வது நன்று.