குடிமராமத்தின் கூலி

பாசன ஏரிகளின் கரையை உயர்த்துதல், வரத்துக் கால்வாயைத் தூர்வாருதல், மதகைச் செப்பனிடுதல் ஆகிய பணிகளை ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அவ்வேரி நீரால் விளையும் நிலத்தை உடையவர்கள், தாமே கூடியோ தம் ஆட்களை அனுப்பியோ அரசிடம் கூலி பெறாமல் செய்துவந்த வழக்கமே தமிழகத்தில் குடிமராமத்து எனப்பட்டது. ஊரே நீர்நிலையைப் பேணும் மரபு இதனினும் தொன்மையானது, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), 6 பேர் கொண்ட ஏரி வாரியம் குடவோலையால், அதாவது பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் முறையால், தெரிந்தெடுக்கப்பட்டதையும் அவர்கள் 360 நாள் பணியாற்றியதையும் கூறுகிறது. ஆயினும் பொதுவாகக் கால்வேலிக்கு மேல் நிலமுடையோரே வாரியத்திற்குத் தகுதி பெற்றதால், இதனை ஊரார் அனைவரின் தொண்டாகப் போற்றுவது மிகை.

குடிமராமத்தில் கூலி இல்லையெனினும் பயன் இருந்தது: அள்ளிய வண்டல் வயலுக்கு உரமாயிற்று, பங்குக்கேற்ப உழைத்தவரின் நீர்முறை, அதாவது மடைநீர் பாய்ச்சிக்கொள்ளும் முறைவரிசை, ஊரார் முன் உறுதிப்பட்டது, நிலமற்ற உழைப்பாளிக்கோ இவ்விரண்டும் எட்டவில்லை. வழக்கம் தளர்ந்தபோது, 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அதனைத் தண்டனையின் துணையால் நிலைநிறுத்த முயன்றது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே தொடங்கிய திட்டத்தில் செலவின் பெரும்பகுதியை அரசு நிதியே ஏற்றது.